ஹெண்டனில் லங்காஸ்டரைப் பார்த்தேன்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே மகள் வீட்டில் எல்லோரும் சுகம்.

போன சனிக்கிழமை பேரன் என்னை லண்டன் ஹெண்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனான். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாலு எஞ்சின் விமானம் வரைவாயே, இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டனின் குண்டுவீச்சு விமானம், அந்த லங்காஸ்டர் அங்கே நிற்கிறது! இறக்கைகள் நுனிக்கு நுனி 31 மீட்டர் நீளம். அதன் மூக்கில் வரிசை வரிசையாகக் குட்டிக் குட்டிக் குண்டுகள் வரைந்திருக்கிறார்கள், தாக்குதலுக்கு ஒன்றாக. 137 முறை போய்வந்த விமானம் அது. பெரும்பாலானவற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நான் ரொம்ப நேரம் நின்றது வால் பக்கம்தான். அங்கே ஒரு கண்ணாடிக் கூண்டு, நாலு துப்பாக்கி. ஏழு பேர் கொண்ட குழுவில் ஒருவன் மட்டும் மற்றவர்களை விட்டு விலகி, அதற்குள் ஒடுங்கி உட்கார்ந்திருப்பான். வெளியே கடுங்குளிர், சில சமயம் மைனஸ் 40 டிகிரி வரை போகும். எதிரி விமானம் தெளிவாகத் தெரிய வேண்டுமென்று முன்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தக் காற்றிலேயே உட்கார்ந்தவர்களும் உண்டு. பாராசூட்டுக்கு உள்ளே இடம் கிடையாது. முதுகுக்குப் பின்னால், கதவுக்கு வெளியே மாட்டியிருக்கும். விமானம் தீப்பிடித்தால் கதவைத் திறந்து, அதை எட்டி எடுத்து மாட்டிக்கொண்டு, கூண்டைத் திருப்பி, மல்லாக்க விழ வேண்டும். எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்கள், தாமாக முன்வந்து சேர்ந்தவர்கள். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்துபோனார்கள். என் பேரனுக்கும் இப்போது இருபதுதான். பக்கத்தில் நின்றவனின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

ஜெர்மனியின் ஊர்கள் மேல் குண்டு போட்டதைப் பற்றி, 'போர் என்றால் அப்படித்தான்' என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அதை என்னால் ஏற்க முடியவில்லை, சண்முகம். 1941-இல் விமானத்திலிருந்தே படமெடுத்துப் பார்த்தபோது, இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் அதற்கு ஐந்து மைல் தூரத்துக்குள் போயிருந்தது. இருட்டில் தொழிற்சாலையைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டம். சரி, அப்புறம் என்ன செய்தார்கள்? 1942-இலிருந்து ஊரையே இலக்காக்கினார்கள். 1943 ஜூலையில் ஜெர்மனியின் ஹாம்பர்க் எரிந்தது. வெயிலில் காய்ந்து கிடந்த நகரம். தனித்தனித் தீயெல்லாம் ஒன்றுசேர்ந்து சூறாவளியாகிவிட்டது. தப்பிக்க நிலவறைக்குள் போனவர்கள் அங்கேயே மூச்சு முட்டிச் செத்தார்கள். அந்தச் சில நாட்களில் 30,000-க்கும் மேற்பட்டோர். நாஜிகளைத் தோற்கடித்தே ஆக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனாலும் நிலவறையில் பிள்ளையை அணைத்தபடி செத்த தாயை அந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனசு வரவில்லை. கூண்டுக்குள் இருந்த பையனையும் வெறுக்க முடியவில்லை.

அந்த வால் கூண்டின் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ வரைந்த விமானத்தில் இந்தக் கூண்டு இருந்ததா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. பழைய நோட்டு ஏதாவது பரணில் கிடந்தால் பார்த்து எழுது.

அன்புடன்,
ராஜாமணி