குட்டி யானைக்கு எத்தனை நகம்?

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கார்ட்டூன் படத்துக்காக நீ வரைந்து அனுப்பிய யானைக்குட்டியின் மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். குட்டி அழகாக இருக்கிறது, முகத்தில் குறும்பும் இருக்கிறது. ஆனால் அதன் முதுகு முதுமலையில் பிறந்திருக்கிறது, காது கென்யாவில் பிறந்திருக்கிறது, நகங்களை எங்கே வாங்கினாய் என்றுதான் தெரியவில்லை. "கார்ட்டூன்தானேம்மா, எவ்வளவு சரியா இருக்கணும்?" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி காற்றில் போய்விடும், அதனால் எழுதுகிறேன்.

முகத்தில் பொய் சொல்லாமல் அனிமேஷன்காரர்கள் நீங்கள் படம் எடுக்க முடியாது. காலில் பொய் சொல்ல உங்களுக்கு எந்தத் தேவையும் இல்லை. எனக்குத் தெரிந்து பெரும்பாலான படங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. முகத்துக்கு மாதக்கணக்கில் மெனக்கெட்டுவிட்டு, நாய்க்கும் மாட்டுக்கும் சிங்கத்துக்கும் ஒரே வாக் சைக்கிளை, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் ஒரே நடையைப் போட்டுவிடுகிறார்கள்.

முதலில் முகம். பெரும்பாலான விலங்குகளுக்குக் கண்ணின் வெள்ளை சாதாரணமாக வெளியே தெரியாது. மாட்டுக்கோ குதிரைக்கோ தெரிந்தால் அது மிரண்டிருக்கிறது என்று அர்த்தம். மனிதர்கள் எங்கே பார்க்கிறார்கள் என்பதை நாம் அந்த வெள்ளையை வைத்துத்தான் பிடிக்கிறோம், அதனால் நீங்கள் வெள்ளை வைக்கிறீர்கள். அது போகட்டும். மீனுக்கு இமை கிடையாது, புருவம் கிடையாது, அதையும் வைக்காமல் உங்களால் ஒரு மீனை அழவைக்க முடியாது. ஆனால் கண்ணின் நடுவே இருக்கும் கறுப்புப் பாப்பா என்ன வடிவம் என்பதில் சமரசம் தேவையில்லை. வீட்டுப் பூனைக்குச் செங்குத்துக் கீற்று, ஆட்டுக்குக் கிடைமட்ட நீள்சதுரம், சிங்கத்துக்கும் புலிக்கும் வட்டம். புலி பெரிய பூனைதானே என்று கீற்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆந்தைக்குக் கண்விழியை உருட்டவே முடியாது, அது குழாய் மாதிரி எலும்பு வளையத்துக்குள் இறுகி நிற்கிறது. பார்வை திரும்ப வேண்டுமென்றால் கழுத்துதான் திரும்பும், 270 பாகை வரை. ஆந்தை கண்ணை உருட்டும் காட்சியைவிட, உடம்பு அசையாமல் தலை மட்டும் சுற்றும் காட்சி உனக்கு அதிகம் சிரிப்பைத் தரும். இந்த மாதிரி இடங்களில் நிஜம்தான் லாபம்.

விரல்களைப் பற்றி ஒரு வேடிக்கை. வரைகிற வேலை குறையட்டும் என்று கார்ட்டூன்காரர்கள் எல்லா மிருகத்துக்கும் நான்கு விரல் போடுகிறார்கள் அல்லவா? எலிக்கு அது தானாகப் பொருந்திவிடுகிறது. எலியின் முன்பாதத்தில் நன்றாக வளர்ந்த விரல் நான்குதான், கட்டைவிரல் வெறும் மொட்டு. பின்பாதத்தில் ஐந்து.

'ஃபைண்டிங் நீமோ' பற்றிக் கேட்டாய். 2003-இல் வந்த படம், நீமோ என்ற கோமாளி மீன் குஞ்சை அதன் அப்பா மார்லின் தேடிப் போகும் கதை. ஆடம் சம்மர்ஸ் என்ற மீன் ஆய்வாளர் படத்தை எடுத்த பிக்ஸார் குழுவுக்கு வகுப்பெடுத்தார், அது திரையில் தெரிகிறது. கோமாளி மீன் பக்கத் துடுப்புகளை வலித்து வலித்து ஆடியபடி போகும், சுறா உடம்பையும் வாலையும் இருபுறமும் வீசிப் போகும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அசைத்திருக்கிறார்கள். குளிர்ந்த நீரில் வளரும் கெல்ப் பாசி பவளப்பாறையில் இருக்காது என்று சொன்னதும், அந்தக் காட்சிகளிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். இவ்வளவு பார்த்தவர்கள் திமிங்கிலத்தின் வாய்க்குள் போன மீன்களை அதன் தலைமேல் இருக்கும் மூச்சுத் துளை வழியாக வெளியே பீய்ச்சுகிறார்கள். அந்தத் துளை அதன் மூக்கு. வாயிலிருந்து அங்கே போக மீனுக்குப் பாதை கிடையாது.

உடம்பைவிட அந்தக் குடும்பத்தின் வாழ்க்கையில்தான் பெரிய மாற்றம். கோமாளி மீன் கூட்டத்தில் எல்லாவற்றிலும் பெரியது பெண், அடுத்தது அதன் ஜோடி ஆண், மற்றவை இன்னும் வளராத சின்னவை. பெண் செத்துப்போனால் அந்த ஆண் பெண்ணாக மாறும், சின்னவற்றில் மூத்தது ஆணாகும். நீமோவின் அம்மா கோரல் செத்த பிறகு மார்லின் அப்பாவாக இருந்திருக்காது, அம்மாவாகியிருக்கும். முட்டைகளை ஆண் காப்பது உண்மை. துடுப்பால் விசிறி, வாயால் சுத்தம் செய்து, ஏறத்தாழ ஒரு வாரம் பத்து நாள் காக்கும். பொரிந்த குஞ்சு நேரே திறந்த கடலில் மிதந்து போய்விடும். எந்த அப்பாவும் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போவதில்லை. இன்னொன்று: அந்த மீனை ஆசெல்லாரிஸ் வகை என்று பலரும் சொல்வார்கள். அந்த வகை நம் அந்தமானில் உண்டு, ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் உண்டு. கதை நடக்கும் கிரேட் பேரியர் ரீஃபில், அதாவது ஆஸ்திரேலியாவின் வடகிழக்குப் பவளப்பாறைத் தொடரில் இருப்பது அதன் நெருங்கிய சொந்தமான பெர்குலா. வித்தியாசம் பார்க்க முதுகுத் துடுப்பின் முட்களை எண்ண வேண்டும், ஆசெல்லாரிஸுக்குப் பெரும்பாலும் 11, பெர்குலாவுக்குப் பெரும்பாலும் 10. இதற்காகப் படத்தைக் குறை சொல்ல மாட்டேன், முள்ளை எண்ணிக்கொண்டு யார் படம் பார்ப்பார்கள் (நான் பார்ப்பேன்).

'லயன் கிங்' வேறு மாதிரித் தவறு. 1994-இல் வந்த அந்தப் படத்துக்காகக் கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகம் வளர்த்த புள்ளிக் கழுதைப்புலிகளை நேரில் பார்த்து வரைந்தார்கள். முன்கால் நீளம், பின்கால் குட்டை, அதனால் சரியும் முதுகு, கனத்த கழுத்து எல்லாம் சரியாக வந்திருக்கிறது. மூன்றில் முன்னால் நிற்பது பெண், அதுவும் சரி, கழுதைப்புலிக் கூட்டத்தில் பெண்தான் மேல். ஆனால் எச்சில் பொறுக்கும் கோழைக் கூட்டமாகக் காட்டிவிட்டார்கள். புள்ளிக் கழுதைப்புலி தேர்ந்த வேட்டைக்காரி, அது அடித்த இரையைச் சிங்கம் வந்து பிடுங்குவது ஆப்பிரிக்காவில் சாதாரணம். வில்லன் சிங்கம் ஸ்காருக்குக் கறுத்த பிடரி வைத்தது இன்னும் வேடிக்கை. 2002-இல் பெய்டன் வெஸ்ட், கிரேக் பேக்கர் இருவரும் தான்சானியாவின் செரெங்கெட்டியில் பொம்மைச் சிங்கங்களை நிறுத்திப் பார்த்து வெளியிட்ட ஆய்வில், பெண்கள் கறுத்த பிடரிப் பக்கம் போயின, ஆண்கள் அதைத் தவிர்த்தன. கறுப்பு என்றால் நன்றாகச் சாப்பிட்ட, வலுவான ஆண். அந்தப் பிடரியோடு ஸ்கார் மூலையில் ஒதுங்கி நிற்க வேண்டிய ஆளே இல்லை.

மற்றவற்றை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். 1942-இல் வந்த 'பாம்பி'க்கு மூலநாவலில் இருந்தது ஐரோப்பாவின் ரோ மான். படத்தில் அதை அமெரிக்க வெள்ளைவால் மானாக மாற்றினார்கள், மெய்ன் மாநிலத்திலிருந்து இரண்டு குட்டிகளை ஸ்டூடியோவுக்கு வரவழைத்து வரைந்தார்கள். மாற்றினால் முழுதாக மாற்று என்பதற்கு அது நல்ல உதாரணம். 1967-இன் 'ஜங்கிள் புக்'கில் இந்தியக் காட்டில் ஓராங்குட்டான் ராஜா, அது சுமத்ராவிலும் போர்னியோவிலும் மட்டும் வாழ்வது. 'பீ மூவி'யில் ஆண் தேனீக்கள் மகரந்தம் சேர்க்கின்றன. உண்மையில் அந்த வேலை முழுக்கப் பெண்களுடையது, ஆணுக்குக் கொடுக்குகூடக் கிடையாது. எறும்புக்கு இரண்டு கை இரண்டு கால் என்று நான்கோடு நிறுத்திய படத்தைப் பற்றி நான் பேச மாட்டேன்.

இனி கால். நாய்க்கும் பூனைக்கும் பின்காலில் "பின்பக்கமாக மடியும் முழங்கால்" என்று உங்கள் ஆட்கள் சொல்வது முழங்கால் இல்லை, குதிகால். முழங்கால் மேலே வயிற்றை ஒட்டி இருக்கிறது, நம்முடையது போலவே முன்பக்கமாகத்தான் மடிகிறது. அவை விரல்மேல் நடக்கின்றன, கரடி நம்மைப் போல உள்ளங்கால் பதித்து நடக்கிறது, மாடும் குதிரையும் நகத்தின்மேல் நடக்கின்றன. ரிக் (மாடலை அசைக்க உள்ளே வைக்கும் எலும்புக்கூடு) போடும்போது இடுப்பு, முழங்கால், குதிகால், விரல் என்று நான்கு புள்ளியை மேலிருந்து கீழே வைத்துக்கொண்டே வா, எந்த மிருகமானாலும் தவறாது. தவறு வருவது மூன்று புள்ளியோடு நிறுத்தும்போதுதான். முன்காலில் தோள்பட்டை எலும்பையும் ஒரு தனி எலும்பாக ரிக்கில் சேர். பூனை இனத்துக்குத் தோளை நெஞ்சோடு இணைக்கும் காரை எலும்பு பெயருக்குத்தான் இருக்கிறது, தோள்பட்டை தசையில் தொங்கி வழுக்கி நகர்கிறது. சிங்கம் பதுங்கிப் போகும்போது முதுகுக்கு மேலே இரண்டு மேடு மாறி மாறி எழுவது அதனால்தான். அதைப் பூட்டி வைத்தால் மேசை நடப்பது போல இருக்கும்.

நடைவரிசை: இடது பின், இடது முன், வலது பின், வலது முன். நாய், மாடு, குதிரை, யானை எல்லாம் மெதுவாக நடக்கையில் இதுதான். உன் மூன்றாவது படத்தில் குட்டி மூலைவிட்டமாக, இடது முன்னையும் வலது பின்னையும் ஒன்றாகத் தூக்குகிறது. அது குதிரையின் துள்ளுநடை. யானையிடம் கிடையாது.

உன் யானைக்கு வருகிறேன். ஆசிய யானைக்கு உடம்பிலேயே உயரமான இடம் தலை உச்சி, அதில் இரண்டு மேடு. முதுகு வெளிப்பக்கமாக வளைந்தது. ஆப்பிரிக்க யானைக்குத் தோள்தான் உயரம், முதுகு சேணம் போலக் குழியும். காது ஆசிய யானைக்குக் கழுத்து மட்டத்துக்கு மேலே ஏறாது. நீ வரைந்திருப்பது தோளை மூடுகிறது, மூன்றில் ஒரு பங்கு குறை. துதிக்கை நுனியில் ஒரே ஒரு விரல், மேல்பக்கம் மட்டும். நீ மேலும் கீழும் இரண்டு போட்டிருக்கிறாய், அது ஆப்பிரிக்காவினுடையது. நகம் முன்காலில் 5, பின்காலில் பெரும்பாலும் 4. முன்பாதம் வட்டம், பின்பாதம் சற்று ஒடுங்கிய நீள்வட்டம். வயிற்றுக்கடியில் தாய்க்கும் குட்டிக்குமான அளவு எப்படி என்று கேட்டாயே, பிறந்த குட்டி ஏறத்தாழ 100 கிலோ, ஒரு மீட்டர் உயரத்தை ஒட்டி இருக்கும், தாயின் வயிற்றுக்கடியில் தாராளமாக நிற்கும். பெரிய யானையின் உயரம் வேண்டுமென்றால் முன்பாதத்தின் சுற்றளவை இரண்டால் பெருக்கு, பாகன்களின் பழைய கணக்கு, உன் மாடலைச் சரிபார்க்கப் போதும்.

பால் குடிக்கும் படம் முழுக்கத் தவறு. மாட்டை நினைத்துக்கொண்டு பின்காலருகே விட்டிருக்கிறாய். யானைக்கு மடி முன்னங்கால்களுக்கு நடுவே. குட்டி துதிக்கையை மேலே சுருட்டி ஒதுக்கிவிட்டு வாயால் குடிக்கும். தண்ணீரும் அப்படித்தான், சின்னக் குட்டிக்குத் துதிக்கையை ஆளத் தெரியாது, முன்னால் குனிந்து வாயை நீரில் வைக்கும். பெரியவையும் துதிக்கையால் உறிஞ்சி அப்படியே விழுங்குவதில்லை. கொஞ்சம் இழுத்து, வாயில் ஊற்றிக்கொள்ளும். உறிஞ்சுகுழல் போல வயிற்றுக்கு இறக்காதே. கட்டுக்கடங்காத துதிக்கை உனக்கு இலவசமாகக் கிடைத்த நகைச்சுவை, விட்டுவிடாதே. அதில் எலும்பு ஒன்றுகூட இல்லை, அதனால் மூட்டு மூட்டாக மடிக்காதே. நடக்கையில் தலை ஆடுவதற்குச் சற்றுப் பின்தங்கி அது ஆடட்டும்.

ஓடையைத் தாண்டிக் குதிக்கும் காட்சியை எடுத்துவிடு. யானை குதிக்காது. 2003-இல் ஜான் ஹட்சின்சன் குழு தாய்லாந்து யானைகளை வேகமாக விரட்டி அளந்தபோது, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்திலும் நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையை விடவில்லை. நடைவரிசையும் மாறவில்லை. அதே வரிசை, வேகம் மட்டும் அதிகம். அதற்குப் பதிலாகச் சேற்றுச் சரிவில் பின்பக்கம் உட்கார்ந்து வழுக்கி இறங்கட்டும், அது யானைகள் நிஜமாகவே செய்வது.

பெரிய யானையின் நிதான நடைக்கு ஒரு முழுச் சுற்று ஏறத்தாழ 2 நொடி என்று வை, நொடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் 48. இடது பின்கால் முதல் ஃபிரேமில் பதிந்தால், இடது முன்கால் 13-இல் இல்லாமல் 10-ஐ ஒட்டிப் பதியட்டும், வலதும் அதேபோல. சரியாகக் கால் கால் பங்காகப் பிரித்தால் கடிகாரம் மாதிரி ஆகிவிடும். பின்பாதம் முன்பாதம் விட்ட தடத்தின்மேலோ அதை ஒட்டியோ விழும், எனவே முன்கால் எழுந்த பிறகுதான் பின்கால் இறங்க வேண்டும். இல்லையென்றால் தன் காலைத் தானே மிதிக்கும். முன்கால் நடுவில் மடியும் இடம் முழங்கால் போலத் தெரியும், அது மணிக்கட்டு. தூக்கும்போது பாதம் பின்னோக்கித் தொங்கும். பின்காலில் மடிவது உண்மையான முழங்கால், நம்மைப் போல முன்னோக்கி. பாதத்துக்குப் பின்னால் கொழுப்பு மெத்தை இருப்பதால், எடை ஏறும்போது பாதம் அகலும், தூக்கினால் சுருங்கும். இந்த ஒரு விஷயத்தை ரிக்கில் சேர்த்தால் கனம் தானாக வரும். முதுகெலும்பை மட்டும் சிறுத்தை போல வளைக்காதே.

ரெஃபரன்ஸுக்குக் கோயில் யானை வீடியோக்களை எடுத்திருக்கிறாய். பெரும்பாலும் பெண் யானைகள், அதனால் வெளியே நீளும் தந்தம் கிடைக்காது. சங்கிலி இருந்தால் நடை சிறுத்துப் போயிருக்கும், தரையும் கல். முதுமலைத் தெப்பக்காடு யானை முகாமில் குட்டிகள் குளிக்கப் போகும் வீடியோ தேடு, பக்கவாட்டில், பாதம் தெரிகிற மாதிரி. உன் குட்டி ஆண் என்றாலும் சில மாத வயதில் தந்தம் வெளியே தெரியாது, அதை எடுத்துவிடு. வளர்ந்த பிறகும் ஆணுக்குத் தந்தம் கட்டாயமில்லை, மக்னா என்று ஒரு வகை உண்டு. கூட்டத்தை முன்னின்று நடத்துவது தாத்தா யானை என்று கதையில் எழுதியிருக்கிறார்கள். பாட்டி என்று மாற்றச் சொல். ஆண்கள் பருவம் வந்ததும் கூட்டத்தைவிட்டுப் போய்விடும். ஒரே ஒரு சொல்தான் மாறுகிறது, வசனம் எதுவும் கெடாது.

திருத்தி அனுப்பும்போது பின்பக்கத்திலிருந்து ஒரு படமும் சேர். வால் நுனியில் குஞ்சம் போட்டு மாட்டு வாலாக்கியிருப்பாய் என்று சந்தேகம். யானை வால்முடி நுனியின் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலுமாக இரண்டு வரிசையாக நிற்கும், நடுவில் தோல் தெரியும்.

அன்புடன்,
அம்மா