பங்குனிக்கு வந்துவிடு

திருத்துறைப்பூண்டி
மாசி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காய்ச்சல் விட்டது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். சம்பா அறுவடை முடிந்தது. அறுப்புக்கு முன் தெளித்த உளுந்து, தாளுக்கு நடுவில் இரண்டு இலை விட்டு நிற்கிறது. முக்கியமான செய்தி வேறு. கஜா புயலுக்குப் பிறகு நட்ட தென்னைகளில் நான்கு இந்த வருடம் பாளை விட்டிருக்கின்றன. 2018 நவம்பர் 16 காலையில் கொல்லையில் ஒரு மரம்கூட நிற்கவில்லை என்பதை உனக்குச் சொல்லத் தொலைபேசி கிடைக்காமல் நான் தவித்தது நினைவிருக்கிறதல்லவா? பாளையைத் தொட்டுப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

நம் கொல்லையே எழுந்துவிட்டதென்றால் கோடியக்கரைக் காடு எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசை அப்போதுதான் வந்தது. போன வாரம் கிளம்பிவிட்டேன்.

அகஸ்தியம்பள்ளி வரை ரயிலில் போனேன். 2023 ஏப்ரலில் மறுபடி ஓடத் தொடங்கிய ரயில் அது. இறங்கியதும் இருபுறமும் உப்பளம். பாத்திகளில் மாலை வெயில் பட்டுக் கண் கூசியது. உப்பு சத்தியாகிரக நினைவுத் தூண் அருகில் கொஞ்ச நேரம் நின்றேன். 1930 ஏப்ரல் 13ஆம் தேதி திருச்சியில் புறப்பட்ட ராஜாஜியும் தொண்டர்களும் ஏறக்குறைய 240 கிலோமீட்டர் நடந்து 28ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். சித்திரை வெயிலில், நம் ஊர்ப்பக்கச் சாலைகளில். பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த இந்தத் தேதிகள் அந்த இடத்தில் நின்றபோதுதான் கனத்தன.

இரவு கோடியக்கரையில் தெரிந்தவர் வீட்டில் தங்கினேன். விடிவதற்கு முன்பே, வனத்துறை அனுமதியோடு, காவலர் ஒருவரும் நானும் கடலோரமாக நடக்கத் தொடங்கினோம். அவசரமே இல்லை. அவர் நின்ற இடத்தில் நான் நின்றேன், அவர் குனிந்த இடத்தில் நானும் குனிந்தேன். வாடைக்காற்று இன்னும் ஓயவில்லை. அடம்புக்கொடி மணலைப் பின்னிக்கொண்டு கிடந்தது. அதன் ஊதாப் பூக்கள் அப்போதுதான் விரிந்துகொண்டிருந்தன. இராவணன் மீசைப் புல்லின் உருண்டைகள் காற்றில் எங்களை முந்திக்கொண்டு ஓடின.

சோழர் காலக் கலங்கரை விளக்கம் என்று சிறுவயதில் நமக்குக் காட்டினார்களே, அது 2004 சுனாமியில் சாய்ந்துவிட்டது. செங்கல்லும் காரையுமாகச் சில துண்டுகள் கடலோரம் கிடக்கின்றன. நான் அதிக நேரம் அங்கே நிற்கவில்லை. நிற்க முடியவில்லை.

அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மணலில் டிராக்டர் சக்கரம் போன ஒரு தடம், கடலிலிருந்து மேலேறி மறுபடி கடலுக்குத் திரும்பியிருந்தது. பங்குனி ஆமை. இரவில் வந்து முட்டையிட்டுப் போயிருக்கிறது. காவலர் மண்டியிட்டு, மெல்லிய குச்சியால் மணலைக் குத்திப் பார்த்தார். ஓரிடத்தில் குச்சி சட்டென்று இளகி இறங்கியது. பிறகு முழுவதும் கைதான். முழங்கை ஆழத்தில் முட்டைகள், சுண்ணாம்பு வெள்ளையாய், மேலே மணல் ஒட்டிக்கொண்டு. அழுத்தினால் குழியும் தோல். ஒவ்வொன்றையும் கிடந்த வாக்கிலேயே, புரட்டாமல் எடுத்துக் கூடையில் வைத்தார். நூற்றுப் பதினொன்று. நாயும் நரியும் மோப்பம் பிடிக்கும் முன் பொரிப்பகத்தில் கொண்டுபோய்ப் புதைத்துவிட வேண்டுமாம். அவர் கையில் இருந்த பதற்றமில்லாத அக்கறையை, பிரசவம் பார்க்கும் பெரியவர்களிடம்தான் முன்பு பார்த்திருக்கிறேன்.

இன்னும் சற்றுத் தள்ளி ஓர் ஆமை ஓடு வெடித்துச் செத்துக் கிடந்தது. வலையில் சிக்கி மூச்சுவிட மேலே வரமுடியாமல் போயிருக்கும் என்றார். ஆமைக்கும் காற்று வேண்டும் அல்லவா. மீன்பிடிப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் பாடு நமக்குத் தெரியும். ஆனாலும் அதைக் கடந்து வரக் கால் எழவில்லை.

உள்ளே புல்வெளியில் வெளிமான்கள். 1967இல் இந்த இடத்தைச் சரணாலயமாக்கியதே முக்கியமாக இவற்றுக்காகத்தான். முறுக்கிய கொம்போடு ஓர் ஆண் மான் தலையைப் பின்னுக்குச் சாய்த்து நடந்த நடை இருக்கிறதே, திருவாரூர்த் தேர் திரும்புவது போல. சதுப்பு ஓரத்தில் கொசு உள்ளான்கள் கூட்டமாக ஓடி ஓடிச் சேற்றைக் கொத்தின. கைக்குள் அடங்கும் பறவை. வடதுருவத்தை ஒட்டிய நிலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகிறது. பூநாரைகள் வெகு தூரத்தில் ஒரு இளஞ்சிவப்புக் கோடாக மட்டும் தெரிந்தன.

காட்டைப் பற்றித்தானே சொல்லத் தொடங்கினேன். கஜாவில் விழுந்த மரங்கள் இன்னும் அப்படியே கிடக்கின்றன. ஒரு பாலை மரம் வேரோடு பாதி பிடுங்கப்பட்டுச் சாய்ந்திருந்தது. மண்ணில் மிச்சம் இருந்த வேரை வைத்துக்கொண்டு, படுத்த அடிமரத்திலிருந்து வரிசையாக ஏழெட்டுக் கிளைகள் நேராக எழுந்திருக்கின்றன, ஒவ்வொன்றும் என் தோள் உயரத்துக்கு மேல். இலையெல்லாம் எண்ணெய் தடவியது போல மின்னியது. என் தென்னைகளை நான் தண்ணீர் ஊற்றி வளர்த்தேன். இதற்கு யாரும் ஊற்றவில்லை. அந்த மரத்தடியில்தான் கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டோம்.

திரும்பும்போது குழகர் கோயிலுக்குப் போனேன். கடற்காற்று ஓங்கி அடிக்கும் இந்தக் கரையில் துணை யாருமில்லாமல் இருக்கிறீரே என்று சுந்தரர் இறைவனையே கேட்டுப் பாடிய தலம். அப்பாவோடு வந்தபோது அந்தக் கேள்வி எனக்குப் புரியவில்லை. இந்த முறை, கமலா போன பின் முதல் முறையாக, தனியாகக் கும்பிட்டபோது புரிந்தது. சன்னதியில் நான் உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன் சேகர். இவ்வளவு பக்கத்தில் பிறந்தும் நாம் இருவரும் சேர்ந்து அந்தக் கரையில் ஒரு நாள்கூட நிதானமாக நடந்ததில்லை.

அந்த முட்டைகள் பொரிய ஏறக்குறைய ஐம்பது நாள் ஆகுமாம். பங்குனிக் கடைசி வாரம் என்று வைத்துக்கொள். குஞ்சுகளைக் கடலில் விடும் நாளில் வந்து பார்க்கலாம் என்று காவலர் சொல்லியிருக்கிறார். தங்கையையும் பேத்தியையும் அழைத்து வா. உன் முழங்கால் வலிக்கு ஏற்ற மாதிரி மெதுவாகவே போவோம். தொப்பி ஒன்று எடுத்து வா, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். தேதியை மட்டும் உடனே எழுது, காவலருக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

உன் அன்பு நண்பன்,
ராஜேந்திரன்