விண்டோஸில் மட்டும் தோற்கும் சோதனைகள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. குழுவின் பொறுப்பு உன்னிடம் வந்ததில் எனக்குப் பெருமகிழ்ச்சி. இங்கே எல்லோரும் நலம். கண் அறுவைக்குப் பிறகு அம்மா மறுபடியும் புத்தகமும் கையுமாக இருக்கிறார்.

லினக்ஸில் தேறும் உங்கள் நிரலின் சோதனைகள் விண்டோஸில் தோற்பதால், அங்கே மட்டும் அவற்றைத் தவிர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். கோப்பின் பாதையை எழுதும்போது கோப்புறைகளுக்கு இடையே லினக்ஸ் சாய்கோட்டையும் (/) விண்டோஸ் பின்சாய்கோட்டையும் (\) இடுவதுதான் சிக்கல். அது பழைய கதை: விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான எம்எஸ்-டாஸின் முதல் பதிப்பில் கோப்புறைகளே கிடையாது. சாய்கோடு கட்டளைகளின் விருப்பத்தேர்வுகளுக்குப் போய்விட்டிருந்தது. 1983-இல் 2.0 பதிப்பு கோப்புறைகளைக் கொண்டுவந்தபோது பின்சாய்கோடுதான் மிஞ்சியது. அந்த வேறுபாடு இனி மறையப்போவதில்லை. சோதனைகள்தான் அதற்குப் பழக வேண்டும்.

எல்லாப் பின்சாய்கோடுகளையும் சாய்கோடாக மாற்றிவிட்டு ஒப்பிடுவதும் எனக்கு உடன்பாடில்லை. லினக்ஸில் பின்சாய்கோடு ஒரு கோப்பின் பெயருக்குள்ளேயே வரலாம். அதைவிட முக்கியம், உண்மையான பிழையையும் அந்த மாற்றம் மூடிவிடும். நிரல் தரும் பாதை எங்கே போகிறது என்று முதலில் பார். பயனரின் திரைக்குப் போனால் அந்தந்த இயங்குதளத்தின் வடிவமே சரி. எதிர்பார்க்கும் விடையைக் கையால் எழுதாமல் பைத்தானில் பாதைகளைக் கையாளும் பாத்லிப் நூலகத்தைக் கொண்டே கட்டு. பல கணினிகள் படிக்கும் அமைப்புக் கோப்புக்குள் போனால் எங்கும் சாய்கோடுதான் இருக்க வேண்டும். அங்கே சோதனை தோற்றால் குற்றம் நிரலுடையது, சோதனையுடையது அன்று.

நீ அனுப்பிய தோல்விகளில் ஒன்று, தரவை உரையாக எழுதும் ஜேசன் வடிவத்தின் வெளியீட்டில் பாதையைத் தேடுகிறது. தரவு\அறிக்கை என்பது அங்கே தரவு\\அறிக்கை என்று இரட்டிப்பாகத்தான் பதிவாகும். சரத்தில் தேடாதே; ஜேசனைப் பிரித்துப் படித்தபின் ஒப்பிடு. மேக்கில் தற்காலிகக் கோப்புறை வேறோர் இடத்துக்கான இணைப்பாக இருப்பதால், இரு பக்கமும் உண்மையான பாதையாக்கிய பிறகே ஒப்பிட வேண்டும். விண்டோஸ் பாதைகளைப் பிரித்தாளும் பகுதியை லினக்ஸிலேயே சோதிக்கவும் பாத்லிப்பில் வழி இருக்கிறது: கோப்பைத் தொடாமல் பாதையை மட்டும் கையாளும் வகைகள். அவற்றைக் கட்டாயம் பயன்படுத்து.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. சோதனைத் தரவில் கோப்பு.டெக்ஸ்ட் போலத் தமிழில் பெயரிட்ட ஒரு கோப்பையும் வை. 'கோ'வில் உள்ள உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் கால்குறியும் சேர்ந்த இரண்டாகவும் எழுதலாம். மேக்கின் பழைய கோப்பு முறைமை முதல் வகையைப் பெற்று இரண்டாவதாகப் பிரித்து வைத்துக்கொள்ளும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் பெயர்கள் ஒப்பிடும்போது பொருந்தாமல் போகும். லினக்ஸிலோ அவை இரண்டும் ஒரே கோப்புறையில் தனித்தனிக் கோப்புகளாகவே இருக்கும். நம் மொழியில் பெயரிடுபவரின் கோப்பு காணாமல் போகக் கூடாது அல்லவா?

மீதமுள்ள தோல்விகளின் பதிவை முழுதாக அனுப்பு. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டால் தோற்பவை இருந்தால் அவற்றைத் தனியாகக் குறித்துவிடு, அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்