பழைய தலைமாட்டுப் பலகையைத் தள்ளிவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான்கடிக் கட்டிலை விட்டு ஐந்தடிக் கட்டிலுக்கு மாறுவோர், தாத்தா காலத்துத் தேக்குத் தலைமாட்டுப் பலகையை வந்த விலைக்குத் தள்ளிவிடுவதைக் கண்டால் மனம் பொறுக்கவில்லை. 48 அங்குலப் பலகை 60 அங்குலக் கட்டிலுக்குப் பக்கத்துக்கு 6 அங்குலமே குறையும். அந்த இடத்தில் அதே நிறத் தேக்கில் இரு தூண்களை நிறுத்தி, பின்புறம் முழு அகலத்துக்கும் மேலொன்று கீழொன்றாகக் குறுக்குச் சட்டங்கள் வைத்து, ஆணியடிக்காமல் போல்ட்டும் வாஷரும் கொண்டு இணைத்துவிடலாம். மழைக்காலத்தில் மரம் ரேகைக்கு (மரத்தின் நார் ஓடும் வரிக்கு) குறுக்கே உப்பும் என்பதால், போல்ட் துளைகளை அந்தத் திசையில் சற்று நீளமாக இடுவது நல்லது (இதைச் சொன்னபோது எங்கள் ஆசாரி, தமக்கே பாடமா என்பதுபோல் பார்த்தார்). படுப்பவரின் பாரத்தைப் பழைய பலகையில் இறக்காமல், தனிக் கால்கள் கொண்ட கட்டில் சட்டமே தாங்கும்படி செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், நாகர்கோவில்.