சிவப்பு மையில் நீங்கள் கேட்ட கேள்வி

அன்புள்ள டீச்சர்,

வணக்கம். நீங்கள் திருப்பி அனுப்பிய என் நாவல் வந்து சேர்ந்தது. உறையைப் பிரித்துப் புரட்டியதும் சிவப்பு மைதான் கண்ணில் பட்டது. ஏழாம் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை 43 இடங்கள். எண்ணிவிட்டேன். ‘படித்து பார்த்தான்’ என்று நான் விட்டுவிட்ட இடத்தில் ஒரு ‘ப்’ சேர்த்திருக்கிறீர்கள். ‘வந்துப் போனான்’ என்று தேவையில்லாமல் போட்ட இடத்தில் அதே ‘ப்’பை அடித்திருக்கிறீர்கள். ‘முயற்ச்சி’க்கு மட்டும் இரண்டு கோடு. பத்தாம் வகுப்பு நோட்டில் அந்தச் சொல்லுக்குக் கீழே போட்ட அதே இரண்டு கோடு. இத்தனை வருடம் கழித்தும் நீங்கள் என் எழுத்தை ஒரு வரி விடாமல் படித்திருக்கிறீர்கள். அதற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

பின்னட்டையின் உட்பக்கத்தில் ஒரு கேள்வியும் எழுதியிருந்தீர்கள். “நீயே எழுதி, நீயே பக்கம் கட்டி, நீயே அச்சுக்குக் கொடுத்து, நீயே ஆள் தேடி விற்கிறாய். இவ்வளவு பாடு எதற்கு? இதில் உனக்கு என்னதான் கிடைக்கிறது?”

பதிலை உங்களுக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் பார்க்க எழுதுகிறேன். சொந்தமாகப் புத்தகம் போடும் ஒவ்வொருவரையும் யாராவது இதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாங்கள் பெரும்பாலும் சிரித்து மழுப்பிவிடுவோம். உங்களிடம் மழுப்ப மனம் வரவில்லை.

யாரும் போட முன்வராததால்தான் நானே போட்டேன் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். தொடக்கம் அப்படித்தான். இந்த நாவலின் கைப்பிரதி ஒரு பதிப்பகத்தில் 14 மாதம் கிடந்தது. பிறகு மூன்று வரியில் ஒரு பதில் வந்தது. கதை பிடித்திருக்கிறது, ஆனால் 112 பக்கம் போதாது, இன்னும் நூறு பக்கம் சேர்த்துத் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அவர்கள் பக்கத்து நியாயம் எனக்குப் புரிந்தது. மெலிந்த புத்தகத்தின் முதுகில் தலைப்பைப் போடவே இடம் போதாது. அலமாரியில் தடித்த புத்தகங்களுக்கு நடுவே செருகினால் காணாமலே போய்விடும்.

எனவே உட்கார்ந்து சேர்த்தேன், டீச்சர். ஒரு பழைய காதல், ஒரு ரயில் பயணம், ஒரு வழக்கு. அந்தக் கதையில் வரும் தாயை நீங்கள் பார்த்தீர்கள் அல்லவா? அவள் அதிகம் பேச மாட்டாள். அவளுடைய மௌனத்தில்தான் கதையே நிற்கிறது. நான் பக்கம் கூட்டக் கூட்ட அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். மகனுக்கு அறிவுரை சொன்னாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் தன் கதையைச் சொன்னாள். முப்பது பக்கம் தாண்டியபோது அவள் யாரோவாக ஆகிவிட்டாள். ஒரு ராத்திரி அந்த முப்பதையும் அழித்துவிட்டுப் படுத்தேன். பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

நிராகரிப்பு என்னை இந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டது, உண்மை. ஆனால் அதன்பின் எழுதிய இரண்டு புத்தகங்களை நான் யாருக்கும் அனுப்பவே இல்லை. அனுப்பத் தோன்றவும் இல்லை. நீங்கள் கேட்பது அதைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன்.

எழுதும்போது வரும் சந்தோஷம் எல்லா எழுத்தாளருக்கும் ஒன்றுதான். விடியுமுன் எழுந்து, வேலைக்குக் கிளம்பும் வரை கிடைக்கிற ஒன்றரை மணி நேரத்தில், நேற்றுவரை எனக்கே தெரியாத ஒரு வாக்கியம் வந்து உட்காரும். அதற்குப் பதிப்பகம் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். எங்களுக்கென்று தனியாக இருக்கும் சந்தோஷம் அதற்குப் பிறகு தொடங்குகிறது.

ஒரு சின்ன விஷயத்தைச் சொல்கிறேன். ஐந்தாம் அத்தியாயத்தைப் பக்கம் கட்டிக்கொண்டிருந்தேன். அத்தியாயத்தின் கடைசிச் சொல் ‘போனாள்’. அந்த ஒரே ஒரு சொல் மட்டும் அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்பட்டு, வெள்ளைத் தாளின் தலைமாட்டில் தனியாக நின்றது. தமிழில் சொற்கள் நீளம். ஒரு வரியில் ஐந்தாறு சொல் வந்தால் அதிகம். ஒரு சொல் மடங்கினால் பத்தி முழுதும் நகரும். எழுத்து அளவைக் குறைக்கலாம், ஓரத்தைக் கொஞ்சம் தள்ளலாம். பக்கம் கட்டுகிறவர் வேறு ஆளாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பார், எழுதியவரின் சொல்லில் கைவைக்க மாட்டார். எழுதியவரோ அந்தப் பக்கத்தை அச்சாகி வந்த பிறகுதான் பார்ப்பார். நான் இரண்டுமாக இருந்ததால் பத்தியை மறுபடி படித்தேன். மேலே நாலாவது வரியில் ‘மெதுவாக’ என்று ஒரு சொல் இருந்தது. அவள் கதவை மெதுவாகச் சாத்தினாள். எடுத்துப் பார்த்தேன். வரி சுருங்கியது, ‘போனாள்’ தன் இடத்துக்குத் திரும்பி வந்தது. அதைவிட முக்கியம், அந்தச் சொல் இல்லாமல்தான் கதவு சாத்தும் சத்தமே கேட்டது. எத்தனையோ முறை படித்தும் தெரியாத ஓர் அதிகப்படிச் சொல்லை ஒரு காலி வெள்ளைத் தாள் எனக்குக் காட்டிக் கொடுத்தது. அன்று முழுதும் ஒருவித நிறைவோடு திரிந்தேன்.

ஆங்கில நாவலாசிரியர் வர்ஜீனியா வுல்ஃப் இதை அறிந்தவர். அவரும் கணவர் லெனார்டும் 1917இல் ஒரு சிறிய கை அச்சு இயந்திரத்தை வாங்கித் தங்கள் சாப்பாட்டு அறையில் வைத்துக்கொண்டார்கள். முதல் வெளியீடு ஆளுக்கொரு கதையாக இரண்டு கதைகள், சுமார் 150 பிரதிகள். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்தவர் வர்ஜீனியாதான். எட்டு வருடம் கழித்து, 1925இல், தான் விரும்பியதை எழுதும் சுதந்திரம் உள்ள ஒரே பெண் இங்கிலாந்தில் தான்தான் என்று நாட்குறிப்பில் எழுதினார். அந்தச் சுதந்திரத்தின் பெரும் பங்கு சாப்பாட்டு அறையில் தொடங்கிய அந்த அச்சகம் தந்தது. தன் வாக்கியத்தை ஓர் எழுத்து ஓர் எழுத்தாக ஈயத்தில் கோத்துப் பார்த்தவருக்கு, தேவையில்லாத சொல் விரலிலேயே கனத்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

பணம் கிடைக்கிறதா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பதிப்பகம் வழியாக வந்தால் விலையில் பத்து சதவீதம் அளவுக்கு ராயல்டி தருவது வழக்கம். மின்னூலில் எழுதியவரின் பங்கு பெரிது. அமேசான் கிண்டிலில் 2010 முதல் 70 சதவீதம் வரை உண்டு. பங்கு பெரிதே தவிர, வாங்குகிறவர்கள் குறைவு. இந்த வருமானத்தில் யாரும் வேலையை விட வேண்டாம் என்றுதான் கேட்கிறவர்களிடம் சொல்கிறேன்.

வாசகர்கள் குறைவு என்பதில் ஒரு பேறும் இருக்கிறது. அவர்கள் ஒவ்வொருவராகத் தெரிகிறார்கள். சென்ற மாதம் ஒரு வாசகி எழுதியிருந்தார். தன் அம்மாவும் இந்தத் தாயைப் போலத்தான், பேசவே மாட்டார் என்றார். 87ஆம் பக்கத்தில் வரும் அவளுடைய கடிதத்தைப் படித்த பிறகு எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து, விடுதியில் படித்த காலத்தில் அம்மா எழுதிய இன்லண்டு கடிதங்களைத் தேடி எடுத்தாராம். “அம்மா எழுதின மாதிரியே இருந்தது” என்று முடித்திருந்தார். அந்த ஒரு வரியை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. அந்தக் கடிதம், டீச்சர், நூறு பக்கம் சேர்த்திருந்தால் இருந்திருக்காது. பேசிப் பேசித் தீர்த்துவிட்டவள் எதற்குக் கடிதம் எழுதப் போகிறாள்?

வகுப்பில் ஒரு மழை நாளில் பாடத்தை மூடி வைத்துவிட்டு எங்களுக்குச் சி.சு. செல்லப்பாவைப் பற்றிச் சொன்னீர்கள். நினைவிருக்கிறதா? 1959இல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கி 1970 வரை தனியாளாக இழுத்துக்கொண்டு போனது, எழுத்து பிரசுரம் போட்ட புத்தகங்களை மூட்டையாகச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கியது. சொல்லும்போது உங்கள் குரல் கம்மியது. நாங்கள் எல்லோரும் அதைச் சோகக் கதையாகத்தான் எடுத்துக்கொண்டோம். பாவம், இவ்வளவு பெரிய மனிதர் தெருத்தெருவாக அலைந்தாரே என்று.

இப்போது அதை அப்படி நினைக்க முடியவில்லை. எண்பத்தைந்து வயதை நெருங்கும்போது, 1997இல், ‘சுதந்திர தாகம்’ நாவலை மூன்று பாகங்களாக அவரே வெளியிட்டார். 1998இல் காலமானார். அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தது 2001இல். விருது அவரைத் தேடி வருவதற்குள் அவர் இல்லை என்று வருத்தப்படுகிறோம். ஆனால் புத்தகம் அவர் கையில் இருந்தது, டீச்சர். யாருடைய பதிலுக்காவது காத்திருந்தால் அந்த வயதில் அதுவும் இல்லாமல் போயிருக்கலாம். இது முடிந்தது, இப்படித்தான் இருக்க வேண்டும், இப்போதே வர வேண்டும் என்று சொல்லும் உரிமையை அவர் கடைசி வரை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. நான் சுமந்தது ஒரு சின்னப் பை. அதில் பத்துப் பதினைந்து பிரதிதான் இருக்கும். முன்பின் தெரியாத ஒருவர் கையில் அதில் ஒன்றைக் கொடுத்து, அவர் நின்றபடியே முதல் பக்கத்தைப் படிப்பதை ஓரமாக நின்று பார்த்தபோது, அந்த மூட்டையில் பாரம் மட்டும் இருந்திருக்காது என்று தெரிந்துகொண்டேன்.

உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோதும் இப்படித்தானே? கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, புத்தகம் வருவதற்கு முன்பே கையொப்பம் வாங்கிப் பணம் சேர்த்தார். இன்று நாங்கள் முன்பதிவு என்று செய்வதெல்லாம் அந்தக் கையொப்பம்தான். ஆசிரியர் வேலையும் அச்சுப்பிழை திருத்தும் மெய்ப்புத் தாளும் ஒரே கையில் இருந்த மனிதரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் சொன்ன குறை நூற்றுக்கு நூறு சரி. பதிப்பகமாக இருந்தால் மெய்ப்புப் பார்க்க ஓர் ஆள் இருந்திருப்பார். நான் வைக்கவில்லை. மூன்று முறை நானே படித்தேன், அது போதும் என்று நினைத்தது என் தவறு. சொந்த எழுத்தைப் படிக்கும்போது கண் தாளில் இருப்பதைப் பார்ப்பதில்லை, மனதில் இருப்பதைத்தான் பார்க்கிறது. தனியாகப் பதிப்பிப்பது என்றால் எல்லாவற்றையும் தனியாகவே செய்வது என்று புதிதாக வருகிறவர்கள் பலரும் எடுத்துக்கொள்கிறோம். அதில் புத்தகம்தான் அடிபடுகிறது. முடிவு நம்முடையதாக இருக்கட்டும், கண்கள் நாலு பேருடையதாக இருக்க வேண்டும். அடுத்த நாவல் அச்சுக்குப் போவதற்கு முன்பே உங்களிடம் வரும், உங்கள் கண்ணுக்குச் சிரமம் இல்லையென்றால்.

இந்த நாவலுக்கும் காலம் தவறிவிடவில்லை. முன்பெல்லாம் ஐந்நூறோ ஆயிரமோ பிரதிகள் அடித்து வைத்துவிட்டால், அவை தீரும் வரை பிழையும் கூடவே வாழும். பிழைதிருத்தம் என்று ஒரு துண்டுத் தாளை ஒட்டுவார்கள். இது கேட்கிறவர்களுக்கு மட்டும் ஒவ்வொரு பிரதியாக அச்சாகிற புத்தகம். கோப்பை மாற்றினால் போதும், அடுத்து அச்சாவது திருந்திய புத்தகம். அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் தன் கவிதைத் தொகுப்பை 1855இல் சொந்தமாக வெளியிட்டபோது அதில் 12 கவிதைகள்தான். அதன்பின் வாழ்நாள் முழுதும் அதே புத்தகத்தைத் திருத்தித் திருத்தி, சேர்த்துச் சேர்த்து, 1892இல் இறக்கும்போது ஏறக்குறைய 400 கவிதைகள் ஆகியிருந்தன. எழுதியவருக்கு அந்த வழி திறந்தே இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை உங்கள் சிவப்பு மையோடு உட்கார்ந்த இந்த ஞாயிற்றுக்கிழமைதான் முழுதாக உணர்ந்தேன். காலையில் தொடங்கி, ‘படித்துப் பார்த்தான்’ முதல் ‘முயற்சி’ வரை ஒவ்வொன்றாகத் திருத்தி, மாலையில் புதிய கோப்பை ஏற்றிவிட்டேன். 42 இடங்கள்.

43ஆவதை மாற்றவில்லை. 87ஆம் பக்கம், தாயின் கடிதத்தில் மூன்றாவது வரி. ‘உன் போட்டோவைச் சுவற்றில் மாட்டியிருக்கிறேன்’ என்பதைச் சுழித்து, ஓரத்தில் ‘சுவரில்!’ என்று ஆச்சரியக்குறியோடு எழுதியிருக்கிறீர்கள். சுவர் என்பதோடு இல் சேர்ந்தால் சுவரில்தான். நீங்கள் கற்றுக்கொடுத்தது எனக்கு மறக்கவில்லை. நாவலில் நான் பேசுகிற இடங்களில் எல்லாம் ‘சுவரில்’ என்றே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், டீச்சர். மகன் ஊரைவிட்டுப் போன பிறகு, பல வருடம் கழித்து, முதல் முறையாகப் பேனாவை எடுக்கிறாள். அவள் ‘சுவற்றில்’ என்றுதான் எழுதுவாள்.

என்றும் உங்கள் மாணவன்