செல்போன் பெட்டியும் இரவு பதினோரு மணி மெசேஜும்

மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளில் கம்பெனி நடத்துகிற முதலாளிகளுக்கும் மேலாளர்களுக்கும் வணக்கம்.

நான் புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு அட்டைப்பெட்டி கம்பெனியில் டெஸ்பாட்ச் பார்க்கிறேன். போன மாதம் எங்கள் கேட்டில், செக்யூரிட்டி மேசைக்குப் பக்கத்தில், ஒரு மரப்பெட்டி வந்தது. புறாக்கூண்டு மாதிரி நாற்பது அறை, ஒவ்வொன்றுக்கும் வெள்ளை பெயிண்டில் நம்பர். காலையில் செல்போனை அதில் வைத்துவிட்டு உள்ளே வர வேண்டும், சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம். வேலை நேரத்தில் பேஸ்புக், ரீல்ஸ், வாட்ஸ்அப் பார்ப்பதால் உற்பத்தி குறைகிறது என்று நோட்டீஸ். பக்கத்துக் கம்பெனிகளிலும் இதே யோசனை ஓடுகிறது என்று டீக்கடையில் கேள்விப்பட்டேன். அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நாங்கள் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. ஒரு மதியம் பில் போட்டுக்கொண்டிருக்கும்போது ரீல்ஸைத் தொட்டேன். யாரோ மீன் குழம்பு வைத்தார்கள், அப்புறம் யாரோ யானையைக் குளிப்பாட்டினார்கள். நிமிர்ந்தால் இருபது நிமிஷம் போயிருந்தது. விட்ட இடம் தெரியாமல் ஒரே பில்லை இரண்டு தடவை போட்டேன். அச்சு மெஷின், ஃபோர்க்லிஃப்ட் பக்கம் செல்போன் வரவே கூடாது என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. விரல் போனால் திரும்ப வராது.

ஆனால் இந்தப் பெட்டி வரக் காரணம் ரீல்ஸ் இல்லை. கடலூர் சிப்காட்டுக்கு 900 அட்டைப்பெட்டி போக வேண்டிய லோடு. காலையில் மேலாளர் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் ‘600 போதும்’ என்று போட்டிருக்கிறார். அதற்கு மேலே ரோஜாப்பூ வைத்து ஒன்பது ‘இனிய காலை வணக்கம்’. கீழே ஸ்டோர்ஸ் அண்ணனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து, கேக் படம், கை கூப்பிய படம் ஒரு இருபது. நடுவில் கிடந்த ‘600 போதும்’ என் கண்ணில் படவில்லை. 300 பெட்டி திரும்பி வந்தது, லாரி வாடகை தண்டம். மறுநாள் மீட்டிங்கில் “எல்லாம் இந்த வாட்ஸ்அப் பண்ற வேலை” என்றார்கள். உண்மைதான். அந்த குரூப்பைத் தொடங்கியது நாங்கள் இல்லை, அவ்வளவுதான்.

கேட்டில் செல்போன் பெட்டி வந்த பிறகு கூத்து இன்னும் கூடியது. லாரியில் சரக்கு போக வேண்டிய இ-வே பில்லை ஆன்லைனில் போட லாகின் செய்தால் ஓடிபி செல்போனுக்கு வருகிறது, செல்போனோ கேட்டில். ஓடிப்போய் நம்பரைப் பார்த்து, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வருவதற்குள் அது காலாவதி. மறுபடி ஓட்டம். தீப்பெட்டிக்குள் பொன்வண்டை அடைத்த மாதிரி பெட்டி நாள் முழுக்க உறுமிக்கொண்டே இருக்கிறது என்கிறார் செக்யூரிட்டி அண்ணன்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த குளோரியா மார்க் மற்ற இருவரோடு சேர்ந்து 2008-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். வேலைக்கு நடுவில் குறுக்கீடு வந்தவர்கள் தாமதமாக முடிக்கவில்லை, வேகமாகவே முடித்தார்கள். ஆனால் அவர்களுக்கு மன அழுத்தமும் எரிச்சலும் கூடியிருந்தன. அந்தக் குறுக்கீடு கையிலிருக்கும் வேலை சம்பந்தப்பட்டதா, வேறு விஷயமா என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை. எங்கள் டெஸ்பாட்சிலும் அதே கதைதான். லோடு எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. நாங்கள் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் எரிந்து விழுவது எந்த ரிஜிஸ்டரிலும் ஏறாது.

வீடு என்றதும் ஞாபகம் வருகிறது. இரவு பதினோரு மணிக்கு ‘காலை 7 மணிக்கு லோடு’ என்று மெசேஜ். காலையில் போனால், “ப்ளூ டிக் விழுந்துச்சே, ஏன் ரிப்ளை போடல?” என்று கேள்வி. வேலை நேரத்தில் வீட்டு போனைத் தொடக் கூடாது, சரி. வீட்டு நேரத்தில் வேலை மட்டும் உள்ளே வரலாமா? பிரான்ஸில் 2017 ஜனவரி முதல், 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கம்பெனிகள், வேலை நேரம் முடிந்தபின் தொழிலாளியைத் தொந்தரவு செய்யாமல் இருப்பது பற்றி அவர்கள் தரப்போடு பேச வேண்டும் என்று சட்டம் வந்தது. பிரெஞ்சுத் தெருப்பெயரையும் போலீஸின் சிவப்புத் தொப்பியையும் பத்திரமாக வைத்திருக்கிற ஊர் நம்முடையது. இதையும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம்.

குரூப்பே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, விடிந்தால் ஊரே தண்ணீர். யார் வர வேண்டாம், யார் வீட்டுக்குள் தண்ணீர், எந்த ரோடு போகும் எல்லாம் அந்த குரூப்பில்தான் தெரிந்தது. அன்று ஒரு ரோஜாப்பூகூட வரவில்லை.

அதனால் கேட்பது இதுதான். ஆர்டருக்கென்று தனி குரூப், அதில் மேலாளர் மட்டும் எழுதட்டும். வாழ்த்துக்கு வேறு குரூப் இருக்கட்டும். எண்ணிக்கை மாறினால் டெஸ்பாட்சுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள். ஓடிபிக்கு ஆபீஸ் செல் ஒன்று மேசையில் இருக்கட்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து கூப்பிட்டால் எடுத்துச் சொல்ல ஆபீஸில் ஒரு நம்பர் வேண்டும். டீ நேரத்துப் பத்து நிமிஷத்தில் நாங்கள் எந்த யானையைப் பார்த்தாலும் விட்டுவிடுங்கள். இரவு ஒன்பதுக்கு மேல், விபத்து தவிர வேறெதற்கும் மெசேஜ் வேண்டாம்.

பெட்டியை எடுக்கச் சொல்லவில்லை. அதில் என் அறை 14. ஒன்றாம் நம்பரை மேலாளருக்கென்று எழுதி வைத்தார்கள். வந்த நாளிலிருந்து அது காலியாகவே கிடக்கிறது.

இப்படிக்கு,
டெஸ்பாட்ச் பார்ப்பவன், மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை, புதுச்சேரி