அழுகலைச் செரிக்கும் பாறுக்கு ஒரு மில்லிகிராம் எமன்

அன்புள்ள கயலுக்கு,

கடிதம் கிடைத்தது கண்ணு. நீலகிரியில் சீகூர்ப் பக்கத்துப் பட்டிக்காரர் உன்னை மடக்கிய கேள்வியைப் படித்துச் சிரித்தேன். "அடைப்பான் வந்து செத்த மாட்டையே தின்னுட்டுப் பறக்குற பாறு, ஒரு வலி ஊசிக்கா சாகும்?" பாறு என்றால் பிணந்தின்னிக் கழுகு, அடைப்பான் என்றால் ஆந்த்ராக்ஸ்; அவர் கேட்டதில் தப்பில்லை. உனக்குப் பதில் வராததுதான் தப்பு. இனி அந்தக் கால்நடை மருந்தகத்தில் மாதம் ஒருவராவது இதைக் கேட்பார், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பாறின் இரைப்பை அமிலம் பி.எச். 1-ஐ ஒட்டியது, அதாவது மிகக் கடுமையானது. அழுகல் இறைச்சியோடு உள்ளே போகும் கிருமிகளில் பெரும்பாலானவை அங்கேயே வெந்துவிடும். அமெரிக்கக் கண்டத்துப் பாறுகள் 50-ஐ ஆராய்ந்து 2014-இல் ஒரு கட்டுரை வந்தது. முகத்துத் தோலில் சராசரியாக 528 வகை பாக்டீரியாக்கள், குடலுக்குள் வெறும் 76. வழியில் மற்றவை வடிகட்டப்பட்டுவிட்டன. மிஞ்சியவற்றில் குளோஸ்ட்ரிடியாவும் ஃபியூசோபாக்டீரியாவும்தான் அதிகம். நமக்கு வந்தால் ஆஸ்பத்திரி, பாறுக்கோ குடியிருப்புக்காரர்கள்.

ஆனால் அமிலம் கொல்வது உயிருள்ளதை. அந்த வலி ஊசியிலுள்ள டைக்ளோஃபினாக் உயிரில்லாத சிறு மூலக்கூறு, அதுவே ஒரு மென் அமிலம். இரைப்பையில் அது சிதையாது, நேராக இரத்தத்தில் கலந்துவிடும். அதற்கு மேல் கல்லீரல் அதை உடைத்துக் கழிக்க வேண்டும், பாறின் கல்லீரலுக்கு அந்த வேகம் கிடையாது. கோழி உடலில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பாதியாகும் மருந்து, பாறின் உடலில் பாதியாக 14 மணி நேரம் ஆகிறது. மெலாக்சிகாம் என்ற இன்னொரு வலி மருந்தைப் பாறு ஒரு மணி நேரத்துக்குள் பாதியாக்கிவிடும். மெலாக்சிகாமில் பாறு பிழைப்பதும் டைக்ளோஃபினாக்கில் சாவதும் அந்த வேகத்தைப் பொறுத்தே. எந்த நஞ்சை ஒரு பிராணி தாங்கும் என்பது அதன் முன்னோர் எதைத் தின்று வந்தார்கள் என்பதைப் பெரிதும் பொறுத்தது. பாறின் முன்னோர் அழுகலைக் கண்டார்கள், வலி மாத்திரையைக் காணவில்லை.

(அசைபோடும் பிராணிகளின் ஏற்பாடு வேறு. சவுண்டல் இலையிலுள்ள மைமோசின் நஞ்சை ரூமன் என்ற முதல் இரைப்பையிலுள்ள பாக்டீரியாவே உடைத்துவிடும். அந்த பாக்டீரியா இல்லாத ஆஸ்திரேலிய மாடுகளுக்கு, ஹவாய் ஆடுகளின் ரூமன் நீரிலிருந்து அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பாறுக்கு அப்படி இரவல் வாங்க வழியில்லை.)

டைக்ளோஃபினாக் பாறின் சிறுநீரகக் குழல்களைக் கொல்கிறது. பறவைகள் உடல் கழிவை யூரியாவாக அல்ல, யூரிக் அமிலமாகக் கழிப்பவை. குழல் செத்தால் யூரிக் அமிலம் இரத்தத்தில் ஏறி, உறுப்புகளின் மேல் படிகமாகப் படியும். பாறு கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மரத்தில் உட்கார்ந்திருக்கும், இரண்டொரு நாளில் விழும். திறந்து பார்த்தால் இதயப் பையிலும் கல்லீரலிலும் சுண்ணாம்பு பூசினாற்போல வெள்ளை. பாகிஸ்தானில் லிண்ட்சே ஓக்ஸ் என்ற ஆய்வாளரின் குழு, பாறுகள் ஏன் சாகின்றன என்ற முடிச்சை 2004-இல் அவிழ்த்தது இதை வைத்துத்தான்.

பட்டிக்காரருக்கு ஒரு கணக்குச் சொல். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 முதல் 0.2 மி.கி. போனால் தின்ற பாறுகளில் பாதி சாகும். 5 கிலோப் பறவைக்கு அது அரை மி.கி. முதல் ஒரு மி.கி. வரை. மெடிக்கல் கடையில் விற்கும் 3 மி.லி. டைக்ளோஃபினாக் ஆம்பியூல் (ஊசிமருந்துச் சிறு குப்பி) ஒன்றில் 75 மி.கி. இருக்கிறது. எல்லாச் சடலத்திலும் மருந்து இருக்க வேண்டியதில்லை, நூற்றுக்கு ஒன்று கூட வேண்டாம். 0.13 முதல் 0.75 சதவீதச் சடலங்களில் இருந்தாலே கூட்டம் சரியும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பாறு வருடத்துக்கு ஒரு முட்டைதான் இடும், இழந்ததை ஈடுகட்ட முடியாது. வெண்முதுகுப் பாறு 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் 99.9 சதவீதம் அழிந்தது. மோயாற்றங்கரை நீர்மருது மரங்களில் நீ பார்க்கும் கூடுகள் அந்த மிச்சம்.

இனி உன் வேலைக்கு வருகிறேன். கால்நடைக்கு டைக்ளோஃபினாக் 2006-இலேயே தடை. மனித உபயோகத்துக்கான பெரிய குப்பிகளை 2015-இல் நிறுத்தி 3 மி.லி.யாகச் சுருக்கினார்கள். காரணம் எளிது: 300 கிலோ மாட்டுக்கு கிலோவுக்கு 1 மி.கி. போட நான்கு ஆம்பியூல் உடைக்க வேண்டும், அலுப்பில் கைவிடுவார்கள் என்ற நம்பிக்கை. கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபினாக் என்ற வலி மருந்துகளுக்கும் கால்நடையில் 2023-இல் தடை, நிமசுலைடு 2024 இறுதியில். அசெக்ளோஃபினாக் மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறுகிறது, எனவே "இது வேற மருந்து மேடம்" என்று யாராவது நீட்டினால் ஏமாறாதே. கூட்டு மருந்துகளின் லேபிளில் பொடி எழுத்தை வாசி.

பாறைக் கொல்லாத மெலாக்சிகாமும் டோல்ஃபெனாமிக் அமிலமும் உன் கைக்குப் போதும். மெலாக்சிகாம் கிலோவுக்கு 0.5 மி.கி. சிக்கல் எங்கே வருகிறதென்றால், 5 மி.கி./மி.லி. குப்பியில் 300 கிலோ மாட்டுக்கு 30 மி.லி. ஏற்ற வேண்டும். அளவைப் பார்த்து மலைத்து, பாதி போட்டுவிட்டு "மெலாக்சிகாம் கேக்கல" என்று சொல்பவர்கள் உண்டு. வலி தீராத மாட்டுக்காரர் அடுத்துத் தேடுவது தடைசெய்த மருந்தைத்தான். முழு அளவும் போடு, ஒரே இடத்தில் 10 மி.லி.க்கு மேல் ஏற்றாமல் பிரித்துப் போடு. 15 மி.கி. குப்பி கிடைத்தால் அதே மாட்டுக்கு 10 மி.லி.யோடு முடிந்தது.

யாராவது டைக்ளோஃபினாக் போட்டிருந்து மாடு மூன்று நாளுக்குள் செத்தால், அதைத் திறந்தவெளியில் விட விடாதே. 71 மணி நேரம் வரை ஈரலிலும் சிறுநீரகத்திலும் மருந்து தேடிப் பிடிக்கப்பட்டிருக்கிறது, பாறு முதலில் இழுப்பதும் அந்த மென்சதையைத்தான். ஆறடிக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதை. அடைப்பான் சந்தேகமென்றால் சடலத்தை அறுக்கவே கூடாது, உறையாத கறுப்பு இரத்தம் கண்டால் காது நுனியில் ஒரு துளி எடுத்து சாயமிட்டுப் பார்.

செத்த பாறு கிடைத்தால் வனத்துறைக்குச் சொல்லி, அவர்கள் முன்னிலையில்தான் திற. வெள்ளைப் படிவு கண்டவுடன் டைக்ளோஃபினாக் என்று எழுதிவிடாதே, நீரிழப்பாலும் அப்படி ஆகும். தீவனப்பை இறைச்சியால் நிறைந்திருந்து, வெள்ளை இல்லை, கூட்டமாகச் செத்திருக்கின்றன என்றால் புலிக்கு வைத்த கார்போஃபியூரான் என்ற பூச்சிக்கொல்லியைச் சந்தேகி. ஈரல், சிறுநீரகம், தீவனப்பை உள்ளடக்கம் மூன்றையும் தனித்தனியே உறைநிலையில் வை, நச்சுச் சோதனைக்குள்ளதை ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போடாதே. திசுச் சோதனைக்கு ஒரு துண்டை ஃபார்மலினிலும் இன்னொன்றைத் தூய ஆல்கஹாலிலும் வை. யூரேட் படிகம் ஃபார்மலின் நீரில் கரைந்துவிடும், நோய்க்கூறு ஆய்வகத்தில் "ஒன்றும் இல்லை" என்று பதில் வருவது பெரும்பாலும் இதனால்தான்.

உன் மருந்தகத்தில் இருப்பு 5 மி.கி. குப்பியா 15 மி.கி. குப்பியா, எத்தனை என்று அடுத்த கடிதத்தில் எழுது. கோமாரிக் காலத்துக்கு முன் எவ்வளவு கேட்டு வாங்கலாம் என்று கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா